ஒரே செங்கல், வேற கட்டு! – மருந்துப் படிகங்களும் டிப்ளமோ மாணவர்களும்

(மூன்றாம் ஆண்டு மாணவர், வேதிப் பொறியியல் பிரிவு)



நம்ம ஆண்டு மலரைப் புரட்டினால் நட்பு, லட்சியம், வேலை வாய்ப்பு, அம்மா என்று கட்டுரைகள் வரிசையாக இருக்கும். அதெல்லாம் வேண்டியதுதான். நான் இந்த முறை மாத்திரையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "மாத்திரையிலே எழுத என்ன இருக்கு? டாக்டர் எழுதிக் கொடுப்பார், மெடிக்கல் ஷாப்பில் தருவாங்க, நாம முழுங்குவோம், அவ்வளவுதானே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து ஒழுங்காக வேலை செய்ய அதன் மூலக்கூறு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த மூலக்கூறுகள் படிகத்துக்குள் யார் கையை யார் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதும் முக்கியம். அந்தக் கைப்பிடியைத் திட்டமிட்டு மாற்றி அமைக்கிற வித்தைக்குப் படிகப் பொறியியல் என்று பெயர். இதை "பிஎச்.டி. படிச்சவங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுக்கி வைக்கக் கூடாது. ஏனென்றால் கடைசியில் அந்தப் பொடியை அரைக்கப் போவதும், மாத்திரையாக அடிக்கப் போவதும், ஸ்ட்ரிப்பில் அடைக்கப் போவதும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான்.

கல் மாறவில்லை, கட்டு மாறியது

எங்க அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர். எங்க குடும்பத்திலே பள்ளிக்கூடம் தாண்டிக் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே ஆரம்பிக்கிறேன்.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செங்கல் ஒன்றுதான். ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்குவாட்டில் வைத்தால் இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரிசையிலே மாற்றி மாற்றி வைத்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவிலே வெற்றிடம் விட்டுக் கட்டினால் எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பியது இந்தக் கட்டைத்தான். கல்லும் மிச்சமாகும், வீட்டுக்குள் வெக்கையும் குறையும். கல் அதேதான். கட்டு மாறியதால் சுவரின் குணமே மாறிவிட்டது.

மருந்தும் இப்படித்தான். ரிட்டோனவிர் என்பது எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான ஒரு மருந்து. அமெரிக்காவின் அபாட் நிறுவனம் 1996-ல் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் போனது. 1998-ல் அதே மூலக்கூறு யாரும் கேட்காமலே வேறொரு படிகமாக உறைய ஆரம்பித்தது. ஒரு அணு கூடக் கூடவில்லை, குறையவில்லை. மூலக்கூறு தன் உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளை வேறு விதமாக, இன்னும் இறுக்கமாகப் போட்டுக்கொண்டது. அவ்வளவுதான்! கரைதிறன் விழுந்துவிட்டது. கரையாத மருந்து ரத்தத்தில் எப்படிச் சேரும்? கேப்சூலைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது. மருந்தை வேறு வடிவில் அமைத்து 1999-ல் மறுபடி கொண்டு வந்தார்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உயிர் காக்கும் மருந்துக்கே இந்த கதி!

தானாக மாறுகிற கட்டு இவ்வளவு பாடு படுத்துமானால், நாமே யோசித்து நல்ல கட்டாகப் போட முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் விஷயமே தொடங்குகிறது.

கை கொடுக்கும் ஹைட்ரஜன்

முதலாண்டு வேதியியலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஆக்சிஜனோடோ நைட்ரஜனோடோ சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் கொஞ்சம் நேர் மின்சுமையோடு இருக்கும். பக்கத்து மூலக்கூறில் இருக்கும் இன்னொரு ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ பார்த்து அது கையை நீட்டும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 கிலோஜூல் போதும். இருபதில் ஒரு பங்கு கூட இல்லை!

"இந்த நோஞ்சான் பிணைப்பை வைத்து என்ன கட்ட முடியும்?" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். பலம் குறைவு, ஆனால் அதற்குத் திசை உண்டு. யார் கையை விரும்பிப் பிடிக்கும் என்ற வழக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கான படிகங்களில் அதே வழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வேலை செய்த மார்கரெட் எட்டர் என்ற அம்மையார் 1990-ல் இதற்குச் சில விதிகளை எழுதி வைத்தார். கொடுக்கிற கை, வாங்குகிற கை என்று நல்ல கைகள் எத்தனை உண்டோ அத்தனையும் பிணைப்பில் ஈடுபடும். மிக நல்ல கொடுக்கும் கை, மிக நல்ல வாங்கும் கையைப் பிடிக்கும். சொல்லப்போனால் கல்யாணத் தரகர் போடுகிற கணக்கு மாதிரிதான்! அந்த அம்மையார் 1992-லேயே காலமாகிவிட்டார். அவர் விதிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

அடுத்து நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒருவர், கௌதம் தேசிராஜு. 1952-ல் சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பணியாற்றியவர். படிகப் பொறியியல் பற்றி 1989-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. மூலக்கூறுகள் கை கோக்கும் மாதிரிகளுக்கு 1995-ல் "சின்தான்" என்ற கருத்தை விரிவாக எடுத்து வைத்தார். வீடு கட்ட வரைபடம் போடுவது போல, எந்தத் தொகுதி எந்தத் தொகுதியோடு சேரும் என்று முன்கூட்டியே யோசித்துப் படிகத்துக்கு வரைபடம் போடலாம் என்பது அதன் சாரம். யோசித்தது சரிதானா என்று பார்க்கக் கேம்பிரிட்ஜில் 1965 முதல் படிக அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு தரவுத் தொகுப்பும் உண்டு. 2019-ல் அதில் பத்து லட்சமாவது அமைப்பு சேர்ந்தது.

இனி நம்ம விஷயம். ஒரு மருந்து மூலக்கூறையும், வேறொரு துணை மூலக்கூறையும் ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்து ஒரே படிகமாக வளர்ப்பதுதான் கூட்டுப் படிகம். கோ-கிரிஸ்டல் என்பார்கள். இது வெறும் கலவை கிடையாது. குறிப்பிட்ட விகிதத்தில், ஒழுங்கான வரிசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். உப்பும் கிடையாது. அமிலமும் காரமும் சேரும்போது ஹைட்ரஜன் முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டால் அது உப்பு. போகாமல் நடுவிலே நின்று கை மட்டும் கொடுத்தால் கூட்டுப் படிகம். இரண்டின் பி.கே.ஏ. மதிப்புகளுக்கும் வித்தியாசம் மூன்றுக்கு மேல் இருந்தால் உப்பை எதிர்பார்க்கலாம், பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கூட்டுப் படிகத்தை எதிர்பார்க்கலாம், நடுவிலே இருந்தால் செய்துதான் பார்க்கணும். பெயர்தான் புதுசு. யூரியாவைச் செய்து காட்டினாரே அதே வோலர், 1844-லேயே குயின்ஹைட்ரோன் என்ற கூட்டுப் படிகத்தைச் செய்துவிட்டார்!

சென்னை காட்டிய ஜோடி

ஒரு உதாரணம் சொல்கிறேன். காசநோய் வந்தால் வீட்டை விட்டு சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு மருந்துகளை ஒரு வருடம் கொடுத்து, வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று 1959-ல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டியது. குடிசையில் இருக்கிற ஏழையும் வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று உலகத்துக்குச் சொன்னது நம்ம சென்னை!

இப்போது அந்த இரண்டு மருந்துகளின் அமைப்பைப் பாருங்கள். ஐசோநயாசிடில் பிரிடீன் வளையம் இருக்கிறது, அதில் வாங்கும் கையாக ஒரு நைட்ரஜன். பி.ஏ.எஸ்.ஸில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி, அது கொடுக்கும் கை. அமிலமும் பிரிடீனும் கை கோப்பது மிக நம்பகமான ஜோடிகளில் ஒன்று. எழுதிப் பார்த்தாலே சேரும் என்று தெரிகிறது அல்லவா? சேர்ந்தது. தேசிராஜுவின் குழு 2011-ல் இந்த இரண்டு மருந்துகளின் கூட்டுப் படிகத்தைப் பற்றி எழுதியது. அதில் ஒரு வேடிக்கை: வெப்பநிலையை மாற்றினால் நடுவிலே இருக்கும் ஹைட்ரஜன் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நகர்கிறது. உப்பா, கூட்டுப் படிகமா என்று கோடு போடுவதே கஷ்டம்!

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், செலிகாக்சிப் இரண்டையும் ஒரே படிகத்தில் வைத்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது.

ஈரக்காற்றும் எங்க வீட்டு மாத்திரையும்

என் தங்கைக்கு வலிப்பு உண்டு. கார்பமாசெபின் மாத்திரை தினமும் சாப்பிடுகிறாள். எங்களுடையது தகர ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. சமையலும் படுக்கையும் அங்கேயேதான். சோறு கொதிக்கிற ஆவி கூரையில் முட்டித் தண்ணீராகச் சொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தீப்பெட்டி கூட நமுத்துப் போகும். மாத்திரையும் அந்த அறையில்தான் இருந்தாக வேண்டும்.

1990-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை கொடுத்தது. ஈரமான இடத்தில் வைத்த கார்பமாசெபின் மாத்திரைகள் மூன்றில் ஒரு பங்கு வரை பலனை இழக்கலாம் என்றது அது. காரணம் மறுபடியும் நம்ம கைப்பிடிதான். கார்பமாசெபின் படிகத்தில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கின்றன. ஜோடி சேர்ந்த பிறகும் ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன் வேலையில்லாமல் சும்மா இருக்கிறது. வேலையில்லாமல் நிற்பவனை யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம் இல்லையா? தண்ணீர் மூலக்கூறு வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. டைஹைட்ரேட் என்ற வேறு படிகம் உண்டாகிறது. மாத்திரை கெட்டியாகி, கரைவது குறைகிறது.

படிகப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சும்மா இருந்த அந்தக் கைக்கு வேலை கொடுத்தார்கள். பிடித்துக்கொள்ளச் சாக்கரினைக் கொடுத்தார்கள். ஆமாம், சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற அதே சாக்கரின்தான். பழைய ஜோடி கலையவில்லை. வெளிப்பக்கத்தில் சாக்கரின் வந்து கை கோத்துக்கொண்டது. 2007-ல் வெளியான ஆய்வில் இந்தக் கூட்டுப் படிகம் ஈரக்காற்றில் ஹைட்ரேட்டாக மாறாமல் தாக்குப் பிடித்தது. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், கடையில் கிடைக்கும் மாத்திரைக்கு ஈடாக ரத்தத்தில் சேர்ந்தது. காஃபீனை ஆக்சாலிக் அமிலத்தோடு கோத்தபோதும் இதே மாதிரி நடந்தது. காஃபீன் மட்டும் இருந்தால் ஈரத்தைக் குடித்து ஹைட்ரேட் ஆகிவிடும். 2005-ல் வந்த ஆய்வில் அந்தக் கூட்டுப் படிகம் 98 சதவீத ஈரப்பதத்தில் ஏழு வாரம் வைத்தும் மாறவில்லை.

இது ஆய்வுக்கூடச் செய்தி. என் தங்கை சாப்பிடுகிற மாத்திரை இதுவல்ல. அதனால் ஒரு சின்ன வேண்டுகோள்: மாத்திரைகளை ஸ்ட்ரிப்பிலிருந்து மொத்தமாக உரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் பிரியுங்கள். அடுப்புப் பக்கமும் குளியலறைப் பக்கமும் வைக்காதீர்கள். படிக அமைப்பைப் பற்றிப் படித்த எனக்கு இதையாவது சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

மெஷின் பக்கத்தில் நிற்கப்போவது யார்?

"சரிப்பா, இதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை, நமக்கென்ன?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்!

பாரசிட்டமால் எல்லார் வீட்டிலும் இருக்கிற மாத்திரை. அதன் சாதாரணப் படிகத்தை அப்படியே டேப்லெட் பிரஸ்ஸில் போட்டு அழுத்தினால் மாத்திரை ஒழுங்காகப் பிடிக்காது. மேல் தொப்பி மாதிரிக் கழன்று வரும். கேப்பிங் என்பார்கள். அதனால் ஸ்டார்ச் போன்ற பிடிமானப் பொருள் சேர்த்துக் குருணையாக்கித்தான் அடிக்கிறார்கள். காரணம், அந்தப் படிகத்தில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன. 2009-ல் ஒரு குழு பாரசிட்டமாலை ஆக்சாலிக் அமிலம், தியோபிலின், நாப்தலீன், பெனசீன் ஆகியவற்றோடு தனித்தனியே கோத்துப் பார்த்தது. சமதளமான அடுக்குகள் கிடைத்தன. அடுக்குகள் வழுக்கின, அழுத்தத்தில் மாத்திரை நன்றாகப் பிடித்தது. உலோகத் தகடு வளைவதற்கு வழுக்குத் தளம்தான் காரணம் என்று உலோகவியல் பாடத்தில் படிக்கிறோமே, அதே கதைதான் இங்கேயும்.

ஆனால் நாப்தலீன் என்பது அந்துருண்டை! அதைத் தின்ன முடியுமா? ஆகவே துணையாக வருகிறவர் கை கோத்தால் மட்டும் போதாது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். பொருத்தம் பார்ப்பதில் இது முதல் பொருத்தம்.

கூட்டுப் படிகம் செய்யும் முறையைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். கரைத்து ஆற வைத்தும் செய்யலாம். கல்வத்தில் போட்டு அரைத்தும் செய்யலாம்! இரண்டு பொடிகளையும் போட்டு, சில துளி ஆல்கஹால் விட்டு அரைத்தாலே பல ஜோடிகள் சேர்ந்துவிடுகின்றன. பெரிய அளவில் செய்யப் பால் மில் இருக்கிறது, பிளாஸ்டிக் தொழிலில் ஓடுகிற இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் இருக்கிறது. கரைப்பான் செலவும் மிச்சம், கழிவும் குறைவு. ஆனால் எவ்வளவு நேரம் அரைப்பது, எவ்வளவு சூடு ஏறலாம், வெளியே வருவது கூட்டுப் படிகமா வெறும் கலவையா என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். எக்ஸ்-ரே படம் எடுத்தால் புதுக் கோடுகள் தெரியும். அந்தக் கருவியைப் பராமரிப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் வேலை.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அதை அருகிலிருந்து கவனித்துத் தருபவர். மெஷின் பக்கத்தில் நிற்கும் டிப்ளமோக்காரனை நான் அந்த நான்காவது ஆளோடு சேர்க்கிறேன். அவன் காரணம் தெரிந்து வேலை செய்வதற்கும், பட்டனை மட்டும் அமுக்குவதற்கும் வித்தியாசம் இல்லையா? சூடு கூடிப்போனால் படிகம் மாறிவிடும் என்று தெரிந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்பான். தெரியாதவன் ஓட்டிக்கொண்டே இருப்பான். பாதிக்கப்படுவது எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிற நோயாளி.

லாபம் யாருக்கு?

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. புதுப் படிகம் என்றால் புதுக் காப்புரிமை கேட்கலாம், பழைய மருந்தையே இன்னும் பல வருடம் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2005-ல் திருத்தப்பட்ட 3(டி) பிரிவு இதற்கு ஒரு தடுப்புச் சுவர். தெரிந்த மருந்தின் உப்பு, வேறு படிக வடிவம், கூட்டுப் பொருள் இவற்றைக் கொண்டு வந்தால், பலனில் கணிசமான வித்தியாசம் காட்டினால்தான் காப்புரிமை. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை இந்தப் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ம் தேதி மறுத்தது. ஈரம் குறைவாக ஈர்ப்பது, நிலைத்து நிற்பது எல்லாம் நல்ல குணங்களாக இருக்கலாம், ஆனால் பலன் என்றால் அது நோயைக் குணமாக்கும் பலன்தான் என்றது தீர்ப்பு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. ஈரத்தில் கெடாமல் இருப்பது எங்க வீட்டைப் பொறுத்தவரை பெரிய பலன் ஆயிற்றே! அதற்கு மதிப்புக் கிடையாதா? யோசித்துப் பார்த்தேன். கெடாத மாத்திரை, ஆனால் கைக்கு எட்டாத விலை என்றால் அது கடைக்காரர் அலமாரியில்தான் கெடாமல் இருக்கும். ஆகவே சட்டம் சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. காப்புரிமை லாபம் இல்லாத இடத்தில் தனியார் நிறுவனம் ஏன் மெனக்கெடும்? அந்த வேலையை அரசாங்க ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் எடுத்துச் செய்யணும். கடற்கரையிலும் தகரக் கூரையிலும் தாங்கக்கூடிய, மலிவான, காப்புரிமைத் தொல்லை இல்லாத படிகங்கள் நமக்கு வேண்டும். நம் ஊர் மழைக்காலம் நமக்குத்தானே தெரியும்!

நாம் என்ன செய்யலாம்?

பெரிய பெரிய ஆலோசனை சொல்ல எனக்கு வயதில்லை. நம்மால் முடிகிற மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வேதியியல் ஆய்வகத்தில் மயில்துத்தப் படிகம் வளர்க்கிறோம். அதோடு, ஆபத்தில்லாத இரண்டு பொருள்களை அரைத்துச் சேர்த்து, உருகுநிலை மாறுவதைப் பார்க்கும் ஒரு சோதனையையும் ஆசிரியர்கள் சேர்க்க வேண்டும். கல்வமும் உருகுநிலைக் கருவியும் நம்மிடமே இருக்கின்றன.

இரண்டு, தொழிற்சாலைப் பார்வைக்குப் போகும்போது வரிசையாக நின்று பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பாமல், "இந்தப் பொடி எந்தப் படிக வடிவம்? ஈரத்தில் வைத்துச் சோதித்தீர்களா?" என்று கேட்போம். சாதாரண அறை வெப்பநிலையில் வைக்கும் மருந்துகளுக்கு, 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கும் சோதனை பொதுவாக உண்டு. கேட்டால் காட்டுவார்கள்.

மூன்று, மாணவர் மன்றம் மாதம் ஒரு நாள் இப்படிப்பட்ட விஷயங்களைத் தமிழில் பேச மேடை தரணும். ஆங்கிலம் வராது என்ற ஒரே காரணத்துக்காகக் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் நம் வகுப்பிலே எத்தனை பேர்! ஹைட்ரஜன் பிணைப்புக்கு மொழி கிடையாது. புரிய வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

நண்பர்களே! மூலக்கூறு அளவில் தனியாக நிற்கிற கையைத் தண்ணீர் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது என்று பார்த்தோம். சரியான துணையோடு கோத்த கை நிலைத்து நிற்கிறது. சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று நாமும் பிரிந்து நிற்காமல் ஒருவர் பாடத்தை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நாளை நம்மில் ஒருவர் இயக்கப் போகிற மெஷினிலிருந்து வருகிற மாத்திரை, எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் கடைசி நாள் வரை வேலை செய்யட்டும்.